ஐஸ் வைத்த கால்

பஞ்சாலையின் வலது உள்ளங்காலில் முளைத்த மருவுக்கு ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் வைத்தியம் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. தம்பினிலிருந்து கெமாஸ் போகிற சாலையில் ஒன்பதாவது மைல்கல்லை ஒட்டி இருந்ததால் தோட்டத்துக்கு அந்தப் பெயர். இப்போது கல்லும் இல்லை, மைலும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குலை வெட்ட இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் வந்துவிட்டார்கள். மிஞ்சிய தமிழ்க் குடும்பங்கள் ஒரே லயத்து வரிசை வீடுகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் வைத்தியம் சொல்ல அவ்வளவு பேர் தாராளமாகப் போதும். பக்கத்து வீட்டு வள்ளிநாயகி சுண்ணாம்பையும் துணி சோப்பையும் குழைத்து வைக்கச் சொன்னாள். வேலை வாங்குகிற மண்டோர் சந்திரன், அந்தக் காலத்தில் ரப்பர் பால் உறைய ஊற்றுவார்களே, அந்தத் திராவகத்தில் ஒரு சொட்டு விட்டால் மரு வேரோடு வந்துவிடும் என்றான். திராவகத்துக்கு எங்கே போவது என்று கேட்டால் அது உன் பாடு என்பான். பஞ்சாலை எல்லாரிடமும் தலையாட்டிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்ட நாட்களில் ஊறிப்போன மருவை பிளேடால் சீவிக்கொண்டாள்.

அவளுக்கு உதிரிப்பழம் பொறுக்குகிற வேலை. வெட்டுகிறவன் குலையைத் தள்ளியதும் நாலாபக்கமும் சிதறுகிற செம்பனைப் பழங்களை, முள்ளும் மட்டையும் கிடக்கிற தரையில் குனிந்து பொறுக்கிச் சாக்கில் நிரப்ப வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனால் மதிய மழை இறங்குகிற வரைக்கும் குனிந்த முதுகு நிமிராது. வீடு வந்து ரப்பர் சப்பாத்தைக் கழற்றினால் காலுறை ரத்தத்தில் ஊறியிருக்கும். வலிக்கவில்லையா என்று வள்ளிநாயகி கேட்பாள். எனக்கென்னடி வலி என்று பஞ்சாலை காலுறையைப் பிழிந்து கொடியில் போடுவாள். அவள் உடம்பில் சீனி ஏறி வருஷக்கணக்காகிறது. காலில் உணர்ச்சி செத்துக்கொண்டே வந்ததை அவள் தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

வலிக்காத மருவுக்கு எதற்கு இவ்வளவு அலட்டல் என்றால், அதற்குக் காரணம் பூக்குழி. மகன் சத்தியசீலனுக்குக் கல்யாணமாகி, மருமகள் ரதிக்கு அடுத்தடுத்து இரண்டு கரு கலைந்தபோது, பிள்ளை தங்கினால் மூன்று வருஷம் பூக்குழி இறங்குகிறேன் என்று தோட்டத்து மாரியம்மனிடம் பஞ்சாலை வேண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை தங்கியது. பேத்தி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். இரண்டு வருஷம் இறங்கியாகிவிட்டது, இதுதான் கடைசி. ரத்தம் கசிகிற காலோடு குழியில் இறங்கினால் குழி தீட்டாகிவிடும் என்று பூசாரி அமிர்தலிங்கம் சொல்லிவிட்டார். வார நாட்களில் தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிறவர்தான் அவர். ஆனாலும் பூசாரி சொன்னால் சொன்னதுதான்.

சத்தியசீலனை எல்லாரும் சீலன் என்றுதான் கூப்பிடுவார்கள். செண்டாயானில், கோழி இறைச்சியை உறைய வைத்துப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. அங்கேயே வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரதியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிடுவான். அவன்தான் அம்மாவை சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே மருவைப் பனியால் சுட்டு எடுக்கிறார்கள். ஒரு குப்பியிலிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகையாக வருகிற திரவம்தான் மருந்து. பக்கத்துக் கட்டிலில் கைவிரல் மருவுக்கு வந்திருந்த தடித்த மலாய்க்காரர் ஒருவர் அது பட்டதும் அம்மாடி என்று மலாயில் அலறினார். பஞ்சாலை மட்டும் கூரையைப் பார்த்தபடி பேசாமல் படுத்திருந்தாள். சீனி உள்ள கால், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்வோம், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் எதையும் இழுத்துக்கொண்டேதான் போவார்கள் என்று சீலன் வழியெல்லாம் முணுமுணுத்தான்.

அடுத்த தேதி காப்புக்குள் வந்து விழுந்தது. பூக்குழி இறங்குகிறவர்கள் பத்து நாளுக்கு முன்னால் மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துக் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டிவிட்டால் கறி மீன் இல்லை, வெளிச் சோறு இல்லை, அம்மனின் எல்லையைத் தாண்டிப் போகக் கூடாது. ஒன்பதாங்கட்டை அம்மனுக்குப் பெரிய சாலைதான் எல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் கால் வைத்தால் காப்பு முறிந்தது. தேதியை மாற்றிக் கேட்டதற்கு, திருவிழா முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் இடம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு ஆறிக்கொண்டிருக்க, அம்மாவும் மகனும் அடுக்களையில் மல்லுக்கட்டினார்கள்.

"கார்ல போயி கார்ல வரப்போறோம்மா. அரை நாளு. ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்னு ஆத்தாவுக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சிதான் எல்லை வச்சிருக்கா."

"அப்ப இந்த வருசம் விட்டுட்டு அடுத்த வருசம் எறங்கேன். ஒன்னும் ஆயிடாதுலா."

"புள்ள மேல வச்ச வேண்டுதல்டா. தள்ளிப் போடுறேன்னு எப்படிச் சொல்லுவேன்? அவளுக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சின்னா?"

பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டால் அந்த வீட்டில் யாராலும் பேச முடியாது. சீலன் அப்பா சன்னாசியைப் பார்த்தான். குலை வெட்டி வெட்டி முதுகு வளைந்துபோய், இப்போது தண்ணீர் பம்புக்குக் காவல் இருக்கிற மனுஷர் அவர். அம்மா சொல்றத கேளு என்றுகூடச் சொல்லாமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

சீலனுக்கு யோசனை அந்த வாரம் வேலை செய்து கொண்டிருக்கும்போதே வந்தது. அவன் நிற்கிற இடத்தில், கோழித் துண்டுகள் ஓடுகிற பட்டையின் மேல் ஊற்றுவதும் அதே திரவ நைட்ரஜன்தான். ஆஸ்பத்திரியில் குப்பியில் இருந்ததை இங்கே பெரிய தொட்டியில் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவனுக்குத் தோன்றியது. கோப்பி கொண்டு போகிற ஃபிளாஸ்க்கில் கொஞ்சம் பிடித்தான். மூடியை இறுக்கினால் வெடிக்கும் என்பது அவனுக்குத் தெரியும், அதனால் மேலாக மூடி, கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு தோட்டம் வந்து சேர்ந்தான். விவரம் தெரிந்தவன் என்று தன்னைப் பற்றி அவனுக்கு ஒரு நினைப்பு. பாதி விவரம் தெரிந்தவன்தான். முழுசாகத் தெரியாதவனாக இருந்திருந்தால் பயந்தாவது இருப்பான்.

காப்புக் கட்டி மறுநாள் அது. ரசமும் வாழைக்காய்ப் பொரியலும் சாப்பிட்டு முடித்து, பின்கட்டில் பஞ்சாலையை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சன்னாசி எதிரே முக்காலியில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். சாத்தே இறைச்சி குத்திச் சுடுகிற மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி ஃபிளாஸ்க்குக்குள் விட்டான் சீலன். உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்டு, வெள்ளைப் புகை வழிந்து சிமெந்துத் தரையில் பரவியது. பிள்ளை அதைப் பிடிக்கத் தாவ, ரதி இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவோரம் போய் நின்றாள். எதற்கும் டாக்டரிடமே காட்டலாமே என்று அவள் மெல்லச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மருவின் மேல் பஞ்சை வைத்ததும் தோல் வெளுத்தது.

"சுருக்குன்னு இருக்காம்மா?"

"இல்லையே."

திரும்ப முக்கி வைத்தான். "இப்ப?"

"ஒன்னும் தெரியலப்பா. நல்லா வையி. ஆஸ்பத்திரியில அந்த ஆளு எப்படிக் கத்துனான். அந்த அளவு வேணாமா?"

இந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது. மருந்து வேருக்கு இறங்கினால் வலிக்கும், வலிக்கவில்லை என்றால் இறங்கவில்லை என்று மகனும் நினைத்தான், தாயும் நினைத்தாள். உறைப்பாக இருந்தால்தான் மருந்து, எரிந்தால்தான் தைலம் என்று வளர்ந்த வீடு அது. சீலன் பஞ்சைப் பெரிதாக உருட்டி, சொட்டச் சொட்ட நனைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். முகம் சுளிக்கிற நேரத்தில் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தான். அந்த முகம் சுளிக்கவே இல்லை. வெண்மை மருவைத் தாண்டி, விரல்களின் அடிவரைக்கும் போய்விட்டது. பாதம் கட்டை மாதிரி இருக்கிறதே என்று சன்னாசி சொன்ன பிறகுதான் கையை எடுத்தான். பஞ்சாலை காலை இறக்கி வைத்துவிட்டு எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

இரண்டு நாளில் எலுமிச்சம்பழ அளவுக்கு நீலக் கொப்புளம் எழும்பியது. சன்னாசி போனில் படம் பிடித்து அனுப்ப, சீலன் இணையத்தில் தேடினான். பனி வைத்தால் கொப்புளம் வருவது சகஜம் என்று போட்டிருந்தது. அதைப் படித்து நிம்மதியடைந்தான். ஆனாலும் தம்பின் கிளினிக்கிலாவது காட்டு என்று அம்மாவிடம் சொன்னான். தம்பினும் சாலைக்கு அந்தப் பக்கம்தானே என்றாள் அவள். கொப்புளம் சப்பாத்துக்குள்ளேயே உடைந்தது. மஞ்சளும் விபூதியும் வைத்துத் துணி சுற்றிக்கொண்டு பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மரு சுத்தமாகப் போய்விட்டது, ரத்தம் கசியவில்லை, அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

திருவிழாவன்று மதியம் பிடித்த மழை மாலைக்குள் விட்டது. தகரத்தைப் போட்டு மூடியிருந்த குழியைத் திறந்து தணலைப் பரப்பினார்கள். சிரம்பான், கிள்ளான் என்று பிழைக்கப் போன குடும்பமெல்லாம் காரில் வந்திறங்கி, தோட்டம் ஒரு நாளைக்குப் பழையபடி ஜேஜே என்று இருந்தது. ஆண்கள் கிட்டத்தட்ட ஓட்டமாகவே குழியைத் தாண்டினார்கள். பஞ்சாலை மட்டும் வேப்பிலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பெரட்டுக்குப் போகிற மாதிரி நிதானமாக நடந்தாள். அந்தக் கோடிப் பால்குழியில் காலை வைத்து அவள் நின்றபோது அமிர்தலிங்கம் சுட்டதா தாயி என்று கேட்டார். "சுடவே இல்ல சாமி. பூ மாதிரி இருந்திச்சி" என்றாள்.

அதைக் கேட்டதும் வள்ளிநாயகி குலவையிட்டாள். பெண்கள் வரிசையாக வந்து அவள் கால்களில் மஞ்சள் நீரை ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். சீலனும் விழுந்தான், அழுதான். அம்மாவின் காலுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு வாரமாகப் பயந்ததெல்லாம் வீண் என்று அவனுக்கு மனசு லேசாகிவிட்டது.

அந்த வாரமே வீட்டில் நாற்றம் அடித்தது. வீட்டின் பலகைத் தரைக்கு அடியில் எலி செத்துக் கிடக்கிறது என்று சன்னாசி கம்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு குனிந்து குனிந்து தேடினார். எலி கிடைக்கவில்லை. மறுநாள் பஞ்சாலைக்குக் குளிர் காய்ச்சல் வந்து, கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது பாதி பாதம் கறுத்திருந்தது. கறுப்பு விரலிடுக்கு வழியாக மேலே ஏறியிருந்தது. அவள் அதைப் பார்த்து, யாருடைய கால் இது என்பது போல முழித்தாள்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா ஒருத்தி வந்து பார்த்தாள். எதனால் இப்படி என்று கேட்டாள். தீ மிதித்தாள் என்றார் சன்னாசி. அதற்கு முன்னால் நான் நைட்ரஜன் வைத்தேன் என்றான் சீலன், எங்கிருந்து எடுத்தான், எவ்வளவு நேரம் பிடித்தான் எல்லாவற்றையும் ஒளிக்காமல். டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். சீனி காலுக்குச் சூடும் தெரியாது குளிரும் தெரியாது, தசையைக் கொன்றது பனியாகத்தான் இருக்கும், அதன் மேல் தணலும் சாம்பலும் அழுக்கும் சேர்ந்துவிட்டது, இனி அதைப் பேசிப் பயன் இல்லை, முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றாள். சீலன் திட்டு வாங்கத் தயாராக நின்றுகொண்டிருந்தான். அவள் திட்டாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நாலு அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

காலை எடுத்துவிட்டார்கள்.

தோட்டத்துக்குச் செய்தி எட்டியதும் பேச்சு திரும்பியது. பூக்குழியில் இறங்கியவளுக்குக் கால் போனது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், விரதத்தில் குறை. காலில் விழுந்து கும்பிட்டவர்களுக்குத் தாங்கள் ஏமாந்துவிட்டது போல ஒரு கோபம். காப்பு நாளில் மருமகள் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் வந்திருப்பாள் என்று குழாயடியில் கிசுகிசுத்தார்கள். வள்ளிநாயகி மறுக்கவில்லை. கோயிலுக்குப் பரிகார பூசை வைக்க வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். சன்னாசி பம்புக் கொட்டகையை விட்டு வெளியே வருவதை நிறுத்திக்கொண்டார். ரதி இனிமேல் தோட்டத்துப் பக்கம் வரமாட்டேன் என்று அழுதாள். அவள் மேல் என்ன தப்பு இருக்கிறது?

தன் தாய் பழி சுமக்கக் கூடாது என்று சீலன் அமிர்தலிங்கத்தைத் தேடிப் போனான். அவர் டிராக்டர் கொட்டகையில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, அது நெருப்பு இல்ல. வெரதத்துல குறையும் இல்ல. நான்தான் காரணம். மருவுக்கு ஐஸ் வச்சேன். அதுல வெந்து போச்சி."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார். "ஐஸ்ல எப்படிப்பா வேகும்?"

"வேகும் சாமி. இது வேற ஐஸ். கையில பட்டா தோலு உரிஞ்சி வந்துடும். ஃபேக்டரியில எங்களுக்குத் தனி கையுறையே குடுப்பாங்க."

"அப்ப அன்னிக்கே ஒங்கம்மா கத்தியிருக்கணுமே. ஏன் கத்தல?"

"அவங்களுக்கு உணர்ச்சி இல்ல சாமி. அதனாலதான் பூக்குழியும் சுடல."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அமிர்தலிங்கத்தின் முகம் மாறியது. ஆனாலும் அவர் கோபப்படவில்லை, அருகில் வந்து சீலனின் தோளைத் தொட்டார். "பெத்தவ மேல பாசம் இருக்க வேண்டியதுதான். அவ பழிய நீ தூக்கிக்கலாம்னு பாக்குற. நல்ல புள்ள நீ. ஆனா ஆத்தா விசயத்துல பொய் வேணாம்பா." மிச்சமிருந்த கோப்பியைக் கோப்பையில் ஊற்றி அவனிடம் நீட்டினார். சீலன் அதை வாங்கிக் குடித்தான்.

ஃபிளாஸ்க்கில் மறுபடி பிடித்து வந்து, ஒரு வாழைப்பழத்தையோ கோழிக்காலையோ முக்கிக் காட்டலாமா என்று யோசித்தான். காட்டினாலும் அது பழம், இது ஆத்தா என்பார்கள். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், அம்மாவாவது தன் மேல் குறை இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும் என்று நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். இத்தனை நாளும் தன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அம்மா வாய் திறக்கவில்லை என்று அவன் நினைத்திருந்தான்.

பஞ்சாலை தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். முதலில் பிள்ளை நடக்கிறாளா என்று கேட்டாள். நடக்கிறாள், கையை விட்டுவிட்டே நடக்கிறாள் என்றான். சிரித்தாள். அவன் கட்டிலோரம் உட்கார்ந்து, ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான்.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. நான் வச்ச ஐஸாலதான் கால் போச்சி. டாக்டரே சொன்னாங்க."

அவள் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லதுக்குத்தானே செஞ்ச. அந்த ஐஸு அன்னிக்கே கரைஞ்சி போச்சேய்யா."

"கரையலம்மா. உள்ள வேல செஞ்சிருக்கு."

"எதனாலன்னு எனக்குத் தெரியும். ஒங்கப்பாகிட்டகூட சொல்லல." அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தாள். "காப்புக் கட்டியிருக்கறப்ப ஒரு நாளு சந்திரன் பெரட்டுல வந்து, எட்டாம் நம்பர் காட்டுல பழமெல்லாம் அழுவிக் கெடக்கு, ஆளு இல்ல, எல்லாரும் லோரியில ஏறுங்கன்னான். எட்டாம் நம்பர் காடு ரோட்டுக்கு அந்தப் பக்கம்லா. எல்லைக்கு வெளிய."

"காப்புக் கட்டியிருக்கேன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"சொல்லலாம். சொன்னா எனக்குப் பதிலா இன்னொருத்தர ஏத்திக்குவான். அப்பறம் இந்தப் பொம்பளைய நம்ப முடியாதுன்னு நிறுத்திட்டா? வேல போனா வீடும் போச்சி. வேலைக்குத்தானே போறோம், ஆத்தா ஒன்னும் நெனச்சிக்க மாட்டான்னு ஏறிட்டேன்." கஞ்சிக் கோப்பையை ஒரு கையால் தள்ளி வைத்தாள். "நெனச்சிக்கிட்டா."

அழுகிக் கிடந்த பழத்துக்காக எல்லையைத் தாண்டியவள், ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை தாண்டியிருக்கக் கூடாதா? அந்த லோரி தம்பின் கிளினிக் இருக்கிற திசையில்தானே திரும்பிப் போயிருக்கும். அதைக் கேட்டு இனி என்ன ஆகப் போகிறது என்று சீலன் விட்டுவிட்டான்.

"அடுத்த வருசம் ஒனக்கு லீவு கெடைக்குமா?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"என் வேண்டுதல அவ ஏத்துக்கல. பாக்கி நிக்கிது. எனக்கு இனி எறங்க முடியாது. நீ எறங்கிடு. புள்ளைக்காக." அவன் கையை விடாமலே சொன்னாள். "காப்புக் கட்டுனா பத்து நாளும் தோட்டத்துலயே இருக்கணும். செண்டாயான் பக்கமே போகக் கூடாது. வேல போனாலும் போவட்டும். என்னை மாதிரி ஏறிடாத."

முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. சீலன் அதைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் சொல்லி முடித்துவிட்டான்.

"சரிம்மா" என்றான்.

"வார்த்த மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

பஞ்சாலை கையை விட்டுவிட்டுத் தலையணையைச் சரிசெய்யச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.